மேலே போனவன்
அத்தியாயம் பதினொன்று

திங்கட்கிழமை தீவின் தலைநகரான ஃபோர்-த-ஃபிரான்ஸ் ஆவணக் காப்பகத்திலிருந்து திரும்பியதிலிருந்து யோலேன் அதிகம் பேசவில்லை. மருந்துக் கடையில் உடன் வேலை பார்ப்பவர்கள், தொண்டை கட்டிக்கொண்டதா என்று கேட்டார்கள். சகாரா தூசி தீவின் மேல் வந்து படிந்திருந்த வாரம் அது. எல்லோருக்குமே தொண்டை கரகரத்தது. அவளும் ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

உண்மையில் அவளிடம் ஒரு பெயர் இருந்தது. மூன்று வருடமாகத் தேடிய பெயர். கிடைத்த அன்றே ஓடிவந்து அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துவைத்திருந்த பெயர்.

அவள் வரைந்த தோரிவால் குடும்ப மரத்தின் உச்சியில் தெயோதூல் தோரிவால் இருந்தார். தச்சர். அடிமை முறை சட்டமாக இருந்த காலத்திலேயே விடுதலைப் பத்திரம் பெற்று, குன்றையும் அதன் அடியில் ஓடை வரைக்குமான சமதளத்தையும் தன் பெயரில் வாங்கியவர். ஒவ்வொரு மே மாதமும் விடுதலை நாள் விருந்தில் முதல் ரம் அவர் பெயருக்குத்தான் ஊற்றப்படும். அவருக்குக் கீழே மகன் ஒனேசிம். ஒனேசிமுக்குக் கீழே வரிசையாக எல்லோரும், யோலேனின் அம்மா எர்மான்ஸ் வரைக்கும்.

ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் தாயின் பெயர் உண்டு. ஒனேசிமுக்கு மட்டும் இல்லை.

'சென்-பியேர் ஊர்ப் பெண். சுதந்திரமானவள். பிரசவத்தில் போய்விட்டாள்' என்று வீட்டில் சொல்வார்கள். சென்-பியேரை எரிமலை விழுங்கியபோது அந்த ஊரின் பதிவேடுகளும் சேர்ந்து எரிந்தன. அதனால் அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. யோலேன்தான் கேட்டாள்.

இன்று மதியம், குடும்ப நிலத்தை அம்மா பெயரில் பதிய, அந்த மரத்தை நோட்டரியின் மேஜையில் வைக்க வேண்டும்.

* * *

"கை போகுது அக்கா," என்றான் ரொத்ரீக், சமையலறைச் சுவரின் வெடிப்பில் கையை நுழைத்தபடி. "போன மாசம் விரல்தான் போச்சு."

"காத்து வரட்டும் விடு," என்றாள் எர்மான்ஸ் அடுப்பருகிலிருந்து. "பொறந்ததுலேர்ந்து இந்த வீட்டுல புழுங்கியே செத்தேன்."

"சிரிக்காதம்மா. அடுத்த பெருமழைக்கு நிக்காதுன்னு இன்ஜினியர் சொல்லிட்டுப் போயிருக்கான்."

"சொல்லுவான். அவன் வீடு இந்தச் சரிவுலயா இருக்கு?"

எர்மான்ஸ் தலையில் மெட்ராஸ் துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். வெளியே போகும் நாட்களில் மட்டும் கட்டும் சிவப்புக் கட்டம் போட்ட துணி. முடிச்சைப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"லுசெத் வராளா? சவான்காரங்க ஒருத்தர் சாட்சி சொன்னாத்தான் எடுபடும்னு நோட்டரி சொன்னாங்களே."

"வராம்மா. வரேன்னு சொல்லிட்டா," என்றான் ரொத்ரீக்.

குன்றடியில் மாடு மேய்கிற அந்தச் சமதளத்துக்கு சவான் என்று பெயர். அங்கே குடியிருப்பதால் அல்சிந்தோர் குடும்பம் மேல்வீட்டின் வாயில் சவான்காரர்கள். தோரிவால்களின் நிலத்தில், தோரிவால்களின் பெருந்தன்மையில், தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறவர்கள். அப்படித்தான் யோலேன் வளர்ந்தாள். இப்போது அங்கே மிஞ்சியிருப்பது லுசெத் ஒருத்திதான். அவளும் யோலேனும் பள்ளியில் ஒரே பெஞ்சு.

இந்த நிலத்தில் வீடு கட்டத் தோதான ஒரே இடமும் அந்தச் சமதளம்தான்.

ரொத்ரீக் அக்காவை வெளியே அழைத்துப்போய், சாட்சிப் பத்திரத்தின் நகலைக் காட்டினான். கடைசிப் பத்தியை அவள் இரண்டு முறை படித்தாள். 'நானும் என் முன்னோரும் மேற்படி சமதளத்தில் தோரிவால் குடும்பத்தாரின் அனுமதியின் பேரில் வசித்து வந்தோம்.'

"இந்த அனுமதி எதுக்கு?"

"அது இருந்தாத்தான் நிக்கும். அனுமதி இல்லாம முப்பது வருஷம் ஒரு இடத்துல இருந்தா அது இருக்கறவனுக்கே சொந்தமாயிடும். அனுமதியோட இருந்தா எத்தனை தலைமுறை இருந்தாலும் ஆகாது. சட்டம்."

"லுசெத்துக்கு இது தெரியுமா?"

"படிச்சுக் காட்டித்தானே கையெழுத்து வாங்குவாங்க."

"நீ சொன்னியான்னு கேட்டேன்."

அவன் ஓடைப் பக்கம் பார்த்தான். "அவளை நடுத்தெருவுல விடுவேனா? ரோட்டோரம் ஒரு துண்டு குடுக்கறேன்."

"பழைய வாழைத் தோட்டத்துலயா? அந்த மண்ணு பூரா வாழைக்கு அடிச்ச விஷம். சேம்பு போட்டா வாயில வைக்க முடியாது. அவ பொழப்பே கிழங்குதான்டா."

"அம்மா பொழப்ப யாரு பாக்கறது?"

தூசியில் கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. யோலேனுக்கு, இதற்கு மேல் உள்ளே வைத்திருந்தால் அது தன் குரலையே தின்றுவிடும் என்று தோன்றியது.

"ஒனேசிமோட அம்மா கிடைச்சிட்டாங்க," என்றாள்.

"நெசமாவா? இத ஏன் இவ்ளோ சோகமா சொல்ற? அம்மா கேட்டா கூத்தாடுவா. சென்-பியேர்தானே?"

"இல்ல. இங்கதான். கீழ."

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது.

"அடிமை முறைய ஒழிச்சப்போ அரசாங்கம் நஷ்டஈடு குடுத்துச்சு. அடிமைகளுக்கு இல்ல. வெச்சிருந்தவங்களுக்கு. வாங்கினவங்க பேரெல்லாம் எழுதியிருக்கு. அதுல இருக்காரு, தெயோதூல் தோரிவால், தச்சர். நாலு பேருக்கு வாங்கியிருக்காரு."

"வேற தோரிவாலா இருக்கும்."

"ரோசெலி. இருபத்தொன்பது வயசு. அவளோட மூணு பிள்ளைங்க. சிப்ரியன், எஃப்ராசி..." அவள் நிறுத்தினாள். "மூணாவது பேரு ஒனேசிம்."

ரொத்ரீக் கையிலிருந்த நகலைப் பார்த்தான்.

"அந்த வருஷம் விடுதலையான எல்லாருக்கும் புதுசா குடும்பப் பேர் குடுத்தாங்க. ரோசெலிக்குக் கிடைச்சது அல்சிந்தோர். பிள்ளைங்களுக்கும் அதான். நம்ம ஒனேசிமுக்கு மொதல்ல இருந்த பேரு அல்சிந்தோர்டா. அப்புறம் தெயோதூல் வேற ஒருத்தியக் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. அவளுக்குப் பிள்ளை இல்ல. ஒனேசிமை மட்டும் என் பிள்ளைன்னு ஒத்துக்கிட்டு தோரிவால்னு மாத்தியிருக்காரு. மத்த ரெண்டு பேரையும் விட்டுட்டாரு."

"அவங்கள வெலைக்கு வாங்கினதே விடுவிக்கத்தான் இருக்கும்," என்றான் அவன். "அப்படி நிறைய பேர் சொந்த மனுஷங்கள வாங்கியிருக்காங்க."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். பத்திரம் போட்டு விடுவிச்சிருந்தா எதுக்குடா நஷ்டஈடு?"

"அம்மாகிட்ட சொல்லப் போறியா?"

"தெரியல."

"நான் ஒண்ணு கேக்கறேன். நூத்தி எழுபது வருஷத்துக்கு முன்னாடி இருந்தவளுக்கு இடம் தேடிக்கிட்டிருக்க. உயிரோட இருக்கற அம்மா நாளைக்கு எங்க படுப்பா?" அவன் குரல் உடைந்தது. அதை மறைக்கப் பத்திரத்தை மடித்தான். "இன்னிக்கு ஒரு நாள் வாய மூடிக்கிட்டு இருக்கா. கால்ல வேணா விழறேன்."

தம்பி கெட்டவனில்லை. அதுதான் அவளைப் படுத்தியது. பாரிசில் இருந்த வேலையை விட்டுவிட்டு அம்மாவுக்காக வந்தவன். இரவில் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து போய் அம்மாவின் கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுகிறவன்.

யோலேன் ஒற்றையடிப் பாதையில் கீழே இறங்கினாள்.

* * *

"வாம்மா மேல்வீட்டு மகாராணி," என்றாள் லுசெத். "மூஞ்சி ஏன் ஊறப்போட்ட உப்புமீன் மாதிரி இருக்கு?"

மர வீட்டின் முன்னறையில் நின்று உடை ஒன்றுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மஞ்சள் நிறம். கழுத்தைச் சுற்றி வெள்ளைச் சரிகை. வாசலில் சேம்பு இலைகள் தூசி படிந்து சாம்பலாகத் தொங்கின.

"உக்காரு. நோட்டரி முன்னாடி நிக்கறப்போ சவான்காரி கந்தலோட வந்தான்னு உங்க அம்மா நினைக்கக் கூடாது பாரு."

யோலேன் உட்காரவில்லை. முதலில் அந்தக் கடைசிப் பத்தியைச் சொன்னாள். அனுமதி என்ற சொல் அங்கே என்ன வேலை செய்கிறது என்பதையும் சொன்னாள். லுசெத்தின் கை நிற்காமல் போய்வந்துகொண்டிருந்தது.

"இது மாதிரி ஏதோ இருக்கும்னு தெரியும்டி. ரொத்ரீக் சிரிச்சுக்கிட்டே வந்தான். அவன் சிரிச்சா நமக்கு வலிக்கும்னு பள்ளிக்கூடத்துலேர்ந்தே தெரியும்ல."

"அப்புறம் ஏன் வரேன்னு சொன்ன?"

"உங்க அம்மா வந்தாங்க. பாதையில எறங்கி, கம்ப ஊணிக்கிட்டு. என் ஆயுசுல அவங்க இந்தப் பக்கம் கால் வெச்சு நான் பாத்ததில்ல. உக்காருங்கன்னேன். உக்காரல. நின்னுக்கிட்டே கேட்டாங்க." அவள் சரிகையை நீவிவிட்டாள். "வரேன்னு சொன்னேன். கையெழுத்துப் போடறேன்னு சொல்லல."

யோலேனுக்கு அடுத்ததைச் சொல்ல வழி தெரியவில்லை. பெயரை மட்டும் சொன்னாள்.

"ரோசெலி."

இஸ்திரிப் பெட்டி மேலே எழும்பி, காற்றிலேயே நின்றது. லுசெத் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, சுவரிலிருந்த மின்கம்பியைப் பிடுங்கினாள். ஒவ்வொன்றையும் மெதுவாகச் செய்தாள். வெளியே கட்டியிருந்த மாடு ஒருமுறை கழுத்தை உதறியது.

"இந்தப் பேர் மேல்வீட்டுக்கு எப்படி வந்துச்சு?"

"பழைய பதிவுல இருந்துச்சு."

"சவான்-லீப் ரோசெலி," என்றாள் லுசெத். முழுப் பெயரைச் சொல்லி யாரையோ கூப்பிடுவது போல.

அந்தத் தொடரை யோலேன் புத்தகங்களில் படித்திருக்கிறாள். ஒரு வாயிலிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. லீப் என்றால் விடுதலை பெற்றவள். சவான்-லீப் என்றால் பத்திரமில்லாமல் வாய்வார்த்தையால் மட்டும் விடப்பட்டவள்.

"நாங்க சவான்காரங்கன்னு சொல்றது..."

"மாடு மேயற இடத்தன்னு நெனச்சீங்க. பாதிய முழுங்கிட்டீங்கடி உங்க வீட்டுல. எங்க வீட்டுல முழுசா இருக்கு. போ, உன்னை விட்டுட்டேன், இங்க இஷ்டப்படி இருந்துக்கன்னு ஒருத்தன் சொல்றது. எழுதிக் குடுக்க மாட்டான். மாட்டை அவுத்து விட்ட மாதிரி. கயிறு கழுத்துலயேதான் கெடக்கும். கையில யாரும் பிடிச்சிருக்க மாட்டாங்க, அவ்வளவுதான்."

"யாரு விட்டாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாம? அதனாலதானே உங்க மே மாச விருந்துக்கு கிழங்க மட்டும் அனுப்பறேன், நான் வரதில்ல. நீங்க அவருக்கு ரம் ஊத்துவீங்க. நான் நின்னு பாக்கணுமா?"

இத்தனை வருடம் லுசெத் கூட்டத்துக்குக் கூச்சப்படுகிறவள் என்றுதான் யோலேன் நினைத்திருந்தாள்.

"ஒரு தடவை கூட நீ சொல்லலியே."

"எங்க அப்பா சொல்வாரு, மேல இருக்கறவங்க மறந்துட்டாங்க, நல்லதாப் போச்சு, நீங்களா போய் ஞாபகப்படுத்தாதீங்கன்னு. ஞாபகம் வந்தா கணக்குக் கேப்பாங்களாம்." லுசெத் ஜன்னலோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சிறிது நேரம் கழித்து, முற்றிலும் வேறு குரலில் கேட்டாள். "அதுல வயசு போட்டிருந்துச்சா?"

"இருபத்தொன்பது."

"இருபத்தொன்பதா." அவள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அவள எப்பவும் கெழவியாவே நெனச்சிருக்கேன்."

"பிள்ளைங்க பேரும் இருந்துச்சு."

"சிப்ரியன். அவருதான் எங்களுக்கு. அப்புறம் ஒரு பொண்ணு, கல்யாணம் ஆகாமலே செத்துப்போச்சு."

"மூணு பேரு, லுசெத்."

"ஆமா, கடைசிப் பையன் ஒருத்தன் உண்டு. அவன் சின்னதுலயே போயிட்டான். மேல போயிட்டான்னு அப்பா சொல்வாரு. நவம்பர்ல கல்லறைக்குப் போறப்ப அவனுக்கும் சேத்து ஒரு மெழுகுவத்தி வைப்போம். பேர் தெரியாது. மேல போனவன். அவ்வளவுதான் பேரு."

யோலேன் வாசலுக்கு வெளியே பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். அங்கிருந்து பாதை ஏறிப் போகிறது. அதன் முடிவில், தூசிக்குள் மங்கலாக, தோரிவால் வீட்டின் தகரக் கூரை.

லுசெத் அவள் பார்வையைத் தொடர்ந்தாள். குன்றைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள்.

"மேலன்னா..." என்றாள்.

"ஒனேசிம். எங்க அம்மாவோட பூட்டன்."

லுசெத்தின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று யோலேன் அருகே போனாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லாத, பார்க்கச் சகிக்காத சிரிப்பு.

"மேல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தவனுக்கா மெழுகுவத்தி வெச்சோம்! கூப்பிடு தூரத்துல இருந்திருக்கான்டி. ரோசெலி இந்த வாசல்ல நின்னு கூப்பிட்டிருந்தா கேட்டிருக்கும்." சிரிப்பு நின்றது. "கூப்பிட்டிருப்பாளோ?"

யோலேனிடம் அதற்கான பதிவு எதுவும் இல்லை.

மேலே ரொத்ரீக் கார் ஹாரனை அழுத்தினான். லுசெத் எழுந்து மஞ்சள் உடையைக் கையில் எடுத்தாள்.

"வரியா நீ?" என்று கேட்டாள் யோலேன்.

"இஸ்திரி போட்டாச்சே."

"லுசெத், நான் என்ன செய்யட்டும்?"

"என்னைக் கேக்காத. தேடினவ நீ."

* * *

காரில் பின் இருக்கையில் எர்மான்சும் லுசெத்தும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். வளைவுகளில் தோளும் தோளும் மோதாதபடி இருவருமே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"துணி நல்லாயிருக்கு," என்றாள் எர்மான்ஸ்.

"உங்க தலைக்கட்டும்தான், எர்மான்ஸ் அம்மா."

ஊர் வரும்வரை கண்ணாடியில் ரொத்ரீக்கின் கண்கள் அக்காவை அடிக்கடி தேடின. யோலேன் கரும்புக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நோட்டரி நாற்பது வயதுப் பெண்மணி. நிதானமாகப் படித்தாள். நிலத்தின் எல்லைகள், தெயோதூல் தோரிவால் வாங்கிய விவரம், பிறகு வாரிசுகள். ஒவ்வொரு பெயருக்கும் எர்மான்ஸ் லேசாகத் தலையசைத்தாள். ஜெபத்துக்குத் தலையசைப்பது போல.

"ஒனேசிம் தோரிவால். தந்தை தெயோதூல். தாய், பெயர் தெரியவில்லை." நோட்டரி மரத்தை வரைந்தவளைப் பார்த்தாள். "சரிதானே, மேடம்?"

அது வழக்கமான கேள்வி. வழக்கமான பதிலுக்காகப் பேனா காத்திருந்தது. ரொத்ரீக் மூச்சு விடுவது யோலேனுக்குக் கேட்டது. சரி என்று சொன்னால் அடுத்த பக்கம். அதற்கடுத்து லுசெத்தின் பத்தி. பிறகு சமதளத்தில் அம்மாவுக்கு ஒரு வீடு, வெடிப்பில்லாத சுவர்களோடு.

"தெரியும்," என்றாள் யோலேன்.

"அக்கா."

"தாய் பேரு ரோசெலி. ரோசெலி அல்சிந்தோர்."

நோட்டரி லுசெத்தைப் பார்த்தாள். கையிலிருந்த சாட்சிப் பத்திரத்தைப் பார்த்தாள். யோலேன் பையிலிருந்து நகல்களை எடுத்து மேஜையில் வைத்தாள். விளக்கம் ஒன்றும் அதிகம் தேவைப்படவில்லை. நோட்டரி எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினாள்.

"இன்னும் நிறைய சரிபார்க்கணும். ஆனா இதெல்லாம் உண்மைன்னா இந்தக் கடைசிப் பத்திய நான் எழுத முடியாது. ரத்த சம்பந்தம் இருக்கற இடத்துல யாரு யாருக்கு அனுமதி குடுத்தாங்கன்னு கேள்வி வரும்."

ரொத்ரீக் எழுந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மாவைப் பார்த்ததும் விட்டுவிட்டான். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான். ஜன்னல் வழியே அவன் காரில் ஏறுவது தெரிந்தது. வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கின் மேல் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எர்மான்ஸ் மேஜை மேலிருந்த நகல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நஷ்டஈடு," என்றாள் கடைசியில், "ஒனேசிமுக்கும் சேத்தா வாங்கினாரு?"

"ஆமாம்மா."

"பெத்த பிள்ளைக்கு."

"ஆமாம்மா."

"பெத்த பிள்ளைய வெச்சுக் காசு வாங்கியிருக்கான்," என்றாள் எர்மான்ஸ்.

அம்மா அவரை 'அவன்' என்று சொல்லி யோலேன் கேட்டதே இல்லை. அறைக்குள் எதுவோ உயரத்திலிருந்து விழுந்தது போலிருந்தது. அம்மா அழுவாள் என்று நினைத்துக் கையைப் பிடிக்கப் போனாள். எர்மான்ஸ் கையை விலக்கிக்கொண்டு நோட்டரியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ரோசெலி என் பூட்டனைப் பெத்தவ. அப்படித்தானே சொல்றீங்க எல்லாரும்?"

"அப்படித்தான் தெரியுது."

"அப்ப அவளுக்குன்னு விட்ட இடத்துல எனக்கும் பங்கு உண்டு."

ஞாபகம் வந்தால் கணக்குக் கேட்பார்கள் என்று லுசெத்தின் அப்பா சொன்னது எவ்வளவு சரி. லுசெத்தைக் காப்பாற்றத்தான் யோலேன் அந்தப் பெயரைச் சொன்னாள். அதே பெயரைப் பிடித்துக்கொண்டு அம்மா சமதளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது லுசெத்தோட வீடு."

"என் வீடு இடியுதுடி. அத யாராவது எழுதறீங்களா?"

லுசெத் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, எர்மான்சை நேராகப் பார்த்தாள்.

"உண்டு," என்றாள். "வாங்க, எர்மான்ஸ் அம்மா. ஓடைக்கு மேல் பக்கம் இடமிருக்கு. பங்காளியா வாங்க. அனுமதி குடுத்தவங்களா வராதீங்க."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு வேண்டியது ஒரு கூரை."

"வித்தியாசம் உண்டு. பங்காளின்னா நீங்க எழுதிக் குடுக்கணும். ரோசெலி வயித்துலேர்ந்து வந்தவ நான்னு. உங்க கையெழுத்துல, உங்க முழுப் பேர் போட்டு."

எர்மான்ஸ், லுசெத்தின் வீட்டில் உட்காராமல் நின்றுகொண்டே உதவி கேட்டுவிட்டுத் திரும்பியவள். விருந்துகளில் தெயோதூலின் பெயரை முதலில் சொல்கிறவள். அவள் எழுந்து போய்விடுவாள் என்று யோலேன் நினைத்தாள்.

"எழுதுங்க," என்றாள் எர்மான்ஸ்.

நோட்டரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். "இது வெறும் குறிப்புதான். இன்னிக்கே எதுவும் முடிவாகாது," என்று சொல்லிக்கொண்டே எழுதி, எழுதியதை வாசித்தாள். "எர்மான்ஸ் தோரிவால் ஆகிய நான், தெயோதூல் தோரிவாலுக்கும் அவருடைய..."

பேனா நின்றது.

"அவருடைய?" என்றாள் எர்மான்ஸ்.

"மனைவின்னு போட முடியாது. கல்யாணம் நடக்கல."

"வீட்டு வேலைக்காரின்னு போடுங்க."

"சம்பளம் குடுத்தாரா?" என்றாள் லுசெத்.

எர்மான்ஸ் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இந்தக் காலத்துல கல்யாணம் இல்லாம சேந்து இருக்கறவங்களுக்கு ஒரு பேர் இருக்கே..."

"அது ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு இருக்கறது," என்றாள் நோட்டரி தாழ்ந்த குரலில். "அவங்க முடியாதுன்னு சொல்லியிருக்க முடியுமான்னு நமக்குத் தெரியாது."

"அடிமைன்னு எழுதினா?"

அப்படி எழுதினால், அதன் கீழே வரப்போவது தன் கையெழுத்து என்று எர்மான்சுக்குத் தெரிந்திருந்தது. அவள் கையை நீட்டி, தாளில் அந்தச் சொல் வர வேண்டிய இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவில்லை.

"அவனுக்கு அவ என்னன்னு சொல்லுங்க," என்றாள். "அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

நோட்டரி யோலேனைப் பார்த்தாள். லுசெத்தும் பார்த்தாள். மூன்று வருடம் தேடியவளிடம் அந்தச் சொல்லும் இருக்கும் என்பது போல.

யோலேன் தன் நகல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பெயர் இருந்தது. வயது இருந்தது. பிள்ளைகள் இருந்தார்கள். அந்தச் சொல் எதிலும் இல்லை.